இரு தரப்பும் சமாதானமாகப் போனதால்

பல்காஷ்,
12 பிப்ரவரி 2023

மதிப்பிற்குரிய நாகிமா அவர்களுக்கு,

நான் குல்யாஷ். பல்காஷில் உங்கள் பழைய வீட்டுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் இருக்கும் குல்யாஷ். பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

சந்தையில் மீன் விற்கும் உங்கள் நாத்தனாரிடம் முகவரி வாங்கினேன். தர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். அவர் மேல் கோபப்பட வேண்டாம்.

விஷயம் இதுதான். நீங்கள் மகள் வீட்டோடு கோஸ்தனாய் போன பிறகு எனக்கு ஒரு மழலையர் பள்ளியில் சமையல் வேலை கிடைத்தது. ஒன்பது வருஷமாக அங்கேதான் இருந்தேன். போன மாதக் கடைசியில் டைரக்டர் தமாரா இவானோவ்னா கூப்பிட்டு அனுப்பினார். கையில் மாவோடு போனேன்.

“உக்காரு குல்யாஷ்” என்றார். அவர் அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. எந்தக் குழந்தைக்கோ வயிற்றுக்குச் சேரவில்லை போலிருக்கிறது என்று பயந்துவிட்டேன்.

“உன் மேல எப்பவாவது கேஸ் இருந்துச்சா?”

“நான் எந்த ஜெயிலுக்கும் போகலையே.”

“ஜெயில கேக்கல. கேஸ கேக்கறேன்.”

வருஷா வருஷம் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ‘தண்டனை எதுவும் இல்லை’ என்று அதில் இருக்கும். அது உண்மைதானே. இந்த முறை அரசு வக்கீல் அலுவலகம் வேலையாட்கள் எல்லோருடைய பெயரையும் வாங்கிக்கொண்டு போய் வேறொரு பதிவில் தேடியிருக்கிறது. அந்தப் பதிவில் தண்டனை மட்டும் இல்லையாம், தொடங்கிய வழக்குகளும் இருக்குமாம். என் பெயருக்கு நேரே ஒரு வரி: 2012, வேண்டுமென்றே உடற்காயம் ஏற்படுத்தியது, இரு தரப்பும் சமாதானமாகப் போனதால் வழக்கு முடிக்கப்பட்டது.

சமாதானமாகப் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரியாம். நிரபராதி என்று தீர்ப்பு வந்திருந்தால்தான் பெயர் சுத்தமாகுமாம். குழந்தைகள் இருக்கும் இடத்தில் அப்படிப்பட்டவர் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார்கள். தமாரா இவானோவ்னா அழுதார். நான் மாவைப் பிசைந்து முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன், அதற்கும் அனுமதி இல்லை என்றார்.

இலவச வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். வழக்கை மறுபடி திறக்கச் சொல்லி மனு போடலாம் என்றார். அன்றைக்கு உங்கள் நெற்றியில் பட்ட காயம் படியில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வழி இருக்கிறதாம். படி அன்றைக்கு ஈரமாகத்தான் இருந்தது.

தயவுசெய்து எழுதுங்கள். உங்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இப்படிக்கு,
குல்யாஷ்


கோஸ்தனாய்,
27 பிப்ரவரி

குல்யாஷ்,

‘அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு மாடிப்படியில் நீ என்னை எப்படிக் கூப்பிட்டாய் என்று ஐந்து மாடிக்கும் தெரியும். திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

நான் வழுக்கி விழவில்லை. உனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் நான் சொல்கிறேன். ஜனவரி மாதம். உன் வீட்டு வெந்நீர்க் குழாய் வெடித்து என் கூரை ஊறி, காரை பெயர்ந்து, என் மகள் தினாராவின் கல்யாணச் சீதனப் பெட்டியின் மேல் விழுந்தது. மெத்தைகள், சால்வைகள், என் மாமியார் கையால் தைத்த விரிப்பு, எல்லாவற்றிலும் துருத் தண்ணீர். நான் மேலே ஓடி வந்து உன் கதவைத் தட்டினேன். சரி, காலாலும் உதைத்தேன். நீ பால்கனிக் குளிரில் வைத்திருந்து சூப்புக்கு எடுத்த கெண்டை மீனோடு வந்து கதவைத் திறந்தாய். கல் மாதிரி உறைந்த மீன். நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். நீ அதைத் தூக்கி என் நெற்றியில் போட்டாய். மூன்று தையல். புருவத்தில் அந்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. மருமகனின் சொந்தக்காரர்கள் கேட்டால் சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மீன் அடித்தது என்று யாரிடம் சொல்வது?

அதனால் பொய் எழுத மாட்டேன். எனக்கு அறுபத்தொரு வயது. கோர்ட்டுக்குப் பொய் எழுதித் தர நான் யார்? நாளைக்கு அவர்கள் என்னைக் கூப்பிட்டு, “அப்ப அன்னைக்குப் போலீஸ்ல சொன்னது பொய்யாம்மா?” என்று கேட்டால் நீ வந்து பதில் சொல்வாயா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். சமாதானம் இப்படித் திரும்பி வந்து கடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த நீதிபதிதானே சொன்னார்? “ஒரே கட்டடத்துல குடியிருக்கறவங்க. கைகுலுக்கிட்டுப் போங்கம்மா, ரெண்டு பேருக்கும் நல்லது” என்று. ரெண்டு பேருக்கும் என்றுதான் சொன்னார். நான் கை கொடுத்தது உன்னை மன்னித்து அல்ல, கோர்ட்டில் கால் வலித்தது. ஆனாலும் அதனால் உன் வேலை போக வேண்டும் என்று நினைத்துக் கொடுக்கவில்லை.

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் குளிர்கோட்டைக் கழற்றி வைக்கிற கோட்டு அறையைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம், நூற்றுக்கணக்கான கோட்டு, குல்லாய், கையுறை. உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். உட்கார நேரமே இல்லை.

போன் நம்பர் கேட்காதே. போனில் நீ கத்துவாய். காகிதத்தில் கத்த முடியாது.

நாகிமா


பல்காஷ்,
9 மார்ச்

நாகிமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். சீதனப் பெட்டி, விரிப்பு, மூன்று தையல். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

நான் அடித்தேன். நான் என்றைக்காவது அடிக்கவில்லை என்று சொன்னேனா? போலீஸ்காரர் கேட்டவுடனே ஆமாம் என்றேன். ஆனால் அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று எழுத உங்களுக்கு மை போதவில்லையா?

நெற்றியில் ரத்தத்தோடு நீங்கள் என் இரும்புக் கதவை இழுத்து அடைத்தீர்கள். என் வலது கை கதவு நிலையில் இருந்தது. மோதிர விரல் நசுங்கியது. நான் அலறினேன். அதற்குப் பிறகு கதவைத் திறந்து இன்னொரு தடவை அடைத்தீர்கள். முதல் தடவை தெரியாமல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது?

அந்த விரல் இன்றைக்கும் மடங்காது. ஒன்பது வருஷம் அதை வைத்துக்கொண்டுதான் அறுபது குழந்தைகளுக்குத் தினமும் மாவு பிசைந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது காற்றில் கதவு அடித்துக்கொண்டது என்றேன். போலீசுக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் எர்கின் அப்போது நுரையீரல் நோயோடு படுத்திருந்தார், அவரை விட்டுவிட்டு அலைய முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, தினாராவுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா மேல் போலீஸ் வழக்கு என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எர்கின் சொன்னார், “உட்டுடு குல்யாஷ், அந்தப் பொண்ணு என்ன செஞ்சிச்சு?” என்று. விட்டுவிட்டேன்.

இப்போது பாருங்கள். நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறீர்கள். குழந்தைகளோடு. நான் அன்றைக்கே அதே போலீஸ்காரரிடம் போய் விரலைக் காட்டியிருந்தால் உங்கள் பெயருக்கு நேரேயும் அதே வரி இருந்திருக்கும். ஒரு கோட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டீர்கள். எக்ஸ்ரே படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் தலைமை ஆசிரியருக்கு நாலு வரி எழுத எனக்கும் தெரியும்.

எனக்குப் பொய் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். நல்லது. உண்மையே இருக்கட்டும், முழுசாக இருக்கட்டும்.

குல்யாஷ்


பல்காஷ்,
11 மார்ச்

நாகிமா அக்கா,

முந்தாநாள் ஒரு கடிதம் போட்டேன். அது இதற்கு முன்னால் வந்திருக்கும். வந்திருந்தால் கடைசிப் பகுதியை விட்டுவிடுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் எதுவும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் சரியில்லை என்று தோன்றியது. மறுபடி தபால் ஆபீசுக்கு ஓடினேன். ஜன்னலில் இருந்த பெண், “பெட்டிக்குள்ள விழுந்துட்டா அது அரசாங்கத்தோடது, உங்களது இல்ல” என்றாள். “நான் எழுதினதுதானம்மா, என் கையெழுத்தைப் பாரு” என்றேன். “எல்லாரும் கோவத்துல போட்டுட்டு வந்து இதத்தான் சொல்றாங்க. நாளைக்கு ரெண்டாவதா ஒண்ணு எழுதிப் போடுங்க, அதுதான் எல்லாரும் செய்யறது” என்றாள். அதனால்தான் இது.

வேலை தேடிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் குழந்தைகள் பிரிவும் இருக்கிறது, அதனால் முடியாது என்றார்கள். ஓட்டலில் இருக்கிற இளைஞன், “பெரியம்மா, எங்களுக்குச் சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா பேப்பர்ல ‘உடற்காயம்’னு போட்டிருக்கே, முதலாளி பாத்தா பயப்படுவார்” என்றான். என்னைப் பார்த்து. நான் அவன் தோள் உயரம்கூட இல்லை. பஸ் நிலையத்தில் தரை துடைக்க மட்டும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

மனு போட்டாயிற்று, ஏப்ரல் 18 விசாரணை. உங்கள் கடிதம் இல்லாமலே போகிறேன். நடந்ததைச் சொல்கிறேன். ஆவது ஆகட்டும்.

தினாரா எப்படி இருக்கிறாள்? எத்தனை குழந்தைகள்?

குல்யாஷ்


கோஸ்தனாய்,
26 மார்ச்

குல்யாஷ்,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நான் தேதி பார்க்காமல் பின்னால் எழுதியதை முதலில் பிரித்தேன். ‘கடைசிப் பகுதியை விட்டுவிடுங்கள்’ என்றிருந்தது. எந்தக் கடைசிப் பகுதி என்று மற்றதைப் பிரித்துப் படித்தேன். நீ விடச் சொன்னதை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

படித்த மறுநாள் வேலைக்குப் போனபோது தலைமை ஆசிரியர் செரிக்பாய் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் கோட்டு மாட்டுவதை விட்டுவிட்டு அவர் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எழுத மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய், தெரியும். இருந்தாலும். ஒரு பையனுக்கு வேறு பையனின் கோட்டைக் கொடுத்துவிட்டேன், அவன் அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டான், அவன் அம்மா வந்து கத்தினாள். அப்போது நினைத்தேன், குல்யாஷுக்கு ஜனவரியிலிருந்து தினமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று.

கதவைப் பற்றி. நான் விட்டுவிட்டேன் என்று சொல்கிறாய். விட்டுவிட்டேன்தான். போலீசிலும் சொல்லவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை, தினாராவிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லாததால் அது நடக்கவே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. தினாராவின் கல்யாணத்துக்காகத்தான் நீ சும்மா இருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. உனக்குப் பயம் என்று நினைத்திருந்தேன். பயந்தவள் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

தினாராவுக்கு மூன்று குழந்தைகள். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு இவர்கள் வீட்டில் பெரிய கூட்டம். நான் நவ்ரூஸ் கஞ்சி கிளறிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தேன், அடிப்பிடித்துவிட்டது. மருமகன் ஒன்றும் சொல்லாமல் குடித்தான். நல்ல பையன்.

உன் வக்கீலிடம் ஒன்று கேட்டு எழுது. நான் கோர்ட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம், கதவையும் சேர்த்துச் சொன்னால் உனக்கு உதவுமா? என் வேலை போகுமா? இரண்டுக்கும் பதில் வேண்டும். நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். எனக்கு முழங்கால் வேறு சரியில்லை, அஸ்தானாவில் வண்டி மாற வேண்டும்.

நாகிமா


பல்காஷ்,
4 ஏப்ரல்

நாகிமா அக்கா,

வக்கீலிடம் கேட்டேன். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“உதவலாம். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா, ஒருத்தர் மேல மட்டும் வழக்குப் போட்டதே தப்புன்னு நாம வாதாடலாம். நீதிபதி கேப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. அந்தம்மா மேல இத்தனை வருஷம் கழிச்சு வழக்குப் போட முடியாது. ஆனா கோர்ட்டுல சொன்னது பதிவுல ஏறும். அத யாரு எப்பத் தோண்டி எடுப்பாங்கன்னு நான் உறுதி சொல்ல முடியாது.”

அதனால் வர வேண்டாம் அக்கா. பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒருத்தி வெளியே நிற்பது போதும். என்னால் இரண்டாவது ஆளை வெளியே தள்ளிவிட்டு அந்தச் சமையலறைக்குத் திரும்பிப் போய்க் கஞ்சி கிண்ட முடியாது.

பஸ் நிலையத்தில் நேற்று எங்கள் பள்ளிச் சிறுமி ஒருத்தி அம்மாவோடு வந்தாள். என்னைப் பார்த்து ஓடி வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். எங்கள் ஊர் சின்னது, அரசு வக்கீல் ஆபீஸ் காகிதம் எல்லோர் வீட்டுக்கும் போய்விட்டது போலிருக்கிறது. அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்தது ஒரு வரி.

கஞ்சி அடிப்பிடித்தால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், கிளறக் கூடாது. இத்தனை வயதுக்கு இது தெரியாதா?

குல்யாஷ்


கோஸ்தனாய்,
21 ஏப்ரல்

குல்யாஷ்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் வீங்கியிருக்கிறது, நாலு நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் வந்ததற்குக் கோபப்படாதே. சொல்லியிருந்தால் வராதே என்று எழுதுவாய், அந்தக் கடிதம் வரும்வரை நான் யோசிப்பேன், யோசித்தால் வந்திருக்க மாட்டேன். நீ கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், நான் உன்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இளைத்துவிட்டாய். “ஏம்மா, குல்யாஷ் வழக்கு எந்த ரூம்?” என்று உன்னிடமே கேட்டுவிட்டேன். நீ எழுந்து நின்றாய். வக்கீல் அம்மாதான் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அடிச்சவங்க யாரு, அடிபட்டவங்க யாரு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

உள்ளே என்னைக் கேள்வி கேட்டார்கள். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே நான் உன் பக்கம் திரும்பவில்லை.

அந்த நீதிபதி அம்மா சின்ன வயது. தினாரா வயது இருக்கும். “கதவை எத்தனை முறை அடைச்சீங்க?” என்றாள்.

“ரெண்டு முறை.”

“அவங்க கை அங்க இருக்கறது தெரியுமா?”

“மொதல் தடவை தெரியாதும்மா. ரெண்டாவது தடவை தெரியும்.”

“தெரிஞ்சே ஏன் அடைச்சீங்க?”

“வலிக்கட்டும்னுதான்.”

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இத நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்லையே. யாராவது சொல்லச் சொன்னாங்களா?” என்றாள். “வர வேண்டாம்னுதான் எழுதினா” என்றேன். நீ அப்போது மூக்கை உறிஞ்சினாய், அது மட்டும் காதில் விழுந்தது.

வெளியே வந்ததும் வீட்டுக்கு வா, டீ குடித்துவிட்டுப் போ என்றாய். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன். நேரமாகவில்லை. அஸ்தானா வண்டி ராத்திரிதான். ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். பிளாட்பாரத்தில் ஒருத்தி புகைபோட்ட மீன் விற்றுக்கொண்டிருந்தாள், தினாராவுக்கு இரண்டு வாங்கினேன். எனக்கு நம் கட்டடத்துப் படிகளில் எப்படி ஏறுவது என்று தெரியவில்லை, குல்யாஷ். முழங்காலைச் சொல்லவில்லை.

தீர்ப்பு வந்ததும் எழுது.

நாகிமா


பல்காஷ்,
8 மே

நாகிமா அக்கா,

தீர்ப்பு வந்துவிட்டது. மனு தள்ளுபடி.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். உங்கள் சாட்சியம் நம்பத்தக்கது என்று இருக்கிறது. ஆனால் 2012இல் நான் சமாதானத்துக்கு என் விருப்பத்தோடு கையெழுத்துப் போட்டேனாம். அப்படிப் போட்டதன் விளைவு என்ன என்று எனக்குத் தெரியாமல் இருந்தது வழக்கைத் திறக்கக் காரணம் ஆகாதாம். அந்த நீதிபதி அம்மா படித்து முடித்ததும் நிமிர்ந்து, “நான் சட்டத்தை எழுதலைம்மா” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் சொன்னதும் சரிதான்.

அன்றைக்கு நான் பிடிவாதமாக நின்று, இவளும்தான் என்னை அடித்தாள் என்று சண்டை போட்டிருந்தால் வக்கீல் கணக்குப்படி நான் தப்பித்திருக்கவும் கூடும். கைகுலுக்கியதுதான் தவறாகப் போயிற்று. இதை யோசிக்க ஆரம்பித்தால் தலை சுற்றுகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார் வக்கீல். போவோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் காத்துக்கொண்டு உட்கார முடியாது. ரயில்வே பணிமனைக் கேன்டீனை நடத்துகிற அம்மாளைப் போய்ப் பார்த்தேன். அவள் கேட்பதற்கு முன்னால் நானே காகிதத்தை மேசைமேல் வைத்து, “இதுதான் என் கேஸ். படிச்சிட்டுச் சொல்லுங்க” என்றேன். அவள் படிக்கவில்லை. “எனக்குச் சாப்பிட வர்றவங்க எல்லாம் சுத்தியலோட வர்ற ஆம்பளைங்க. யாரு யாருக்குப் பயப்படணும்? மாவு பிசையத் தெரியுமா?” என்றாள். போன வாரத்திலிருந்து போகிறேன். வேலை நன்றாகத்தான் இருக்கிறது. உப்பும் மிளகும் போட்டுச் சமைக்கலாம். குழந்தைகளுக்கு அப்படிப் போட முடியாது. ஆனால் பாத்திரத்தை இறக்கியதும் ரவைக் கஞ்சி ஆறிவிட்டதா என்று என்னை அறியாமல் கையை மேலே காட்டிப் பார்க்கிறேன். அங்கே ரவைக் கஞ்சியே இல்லை.

நீங்கள் வந்தது வீணாகவில்லை. ஊரில் பேச்சு மாறிவிட்டது. உங்கள் நாத்தனார் சந்தையில் மீன் நறுக்கிக்கொண்டே வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சிறுமியின் அம்மா பஸ் நிலையத்தில் என்னிடம் வந்து, “மன்னிச்சுக்கங்க, எனக்கு முழுசாத் தெரியல” என்றாள்.

உங்கள் பள்ளியில் ஏதாவது தெரிந்ததா? அதை மட்டும் எழுதுங்கள். தூக்கம் வரவில்லை.

குல்யாஷ்


கோஸ்தனாய்,
21 மே

குல்யாஷ்,

உன் கடிதம் வந்த அன்றைக்கே செரிக்பாய் அறைக்குப் போனேன். எவனோ எப்போதோ தோண்டி எடுக்கட்டும் என்று காத்திருக்க என்னால் முடியாது. நானே சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், கதவு, விரல், ரெண்டு முறை, எல்லாம்.

அவர் கேட்டுவிட்டு, “உங்க மேல வழக்கு இருக்கா?” என்றார்.

“இல்ல.”

“எங்கயாவது எழுத்துல இருக்கா?”

“பல்காஷ் கோர்ட்டுல நான் சொன்னது இருக்கும்.”

“உங்க பேருக்கு நேரா, பதிவுல?”

“இல்ல.”

“அப்ப நான் எந்த ஃபைல்ல எதை வைக்கறது நாகிமா? மணி அடிக்கப் போவுது, மத்தியானப் பசங்க வருவாங்க. போங்க.”

வெளியே வந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லையா? எனக்குக் கோபம்தான் வந்தது. அடித்துவிட்டு ஆமாம் என்று ஒத்துக்கொண்டவளுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்குக் கோட்டு அறை. நானே போய்ச் சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. அன்றைக்கு மத்தியானம் ஒரு பையன் குல்லாயைக் காணோம் என்று அழுதான், நானும் அவனோடு சேர்ந்து கொஞ்சம் அழுதேன். அவன் பயந்து அழுகையை நிறுத்திவிட்டான்.

தினாராவிடமும் சொல்லிவிட்டேன். “எனக்காகவா அவங்க சும்மா இருந்தாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மேல் கோர்ட்டுக்கு எழுதிப் போடு. எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன், கரகாந்தா ஆனாலும் சரி, எங்கே ஆனாலும் சரி.

இன்னொரு விஷயம். ஜூலையில் நாத்தனார் மகன் கல்யாணம். நான் வர வேண்டும். நாத்தனார் வீட்டில் பெண் வீட்டுக்காரர்களே நிரம்பியிருப்பார்கள், எனக்கு மூலையில் ஒரு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஓட்டலுக்குப் போ என்று மருமகன் சொல்கிறான். ஓட்டலில் எனக்கென்ன வேலை?

உன்னைக் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது, வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் சொல்ல மாட்டேன்.

என் போன் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது. கத்தினாலும் பரவாயில்லை.

நாகிமா


பல்காஷ்,
1 ஜூன்

நாகிமா அக்கா,

போன் செய்யலாம் என்று எடுத்தேன். வைத்துவிட்டேன். இதை மட்டும் எழுதியே சொல்கிறேன், அடுத்த தடவையிலிருந்து போன்.

இன்றைக்குக் குழந்தைகள் தினம். பள்ளியில் முற்றத்தில் பாட்டு, ஆட்டம். தமாரா இவானோவ்னா விருந்தாளியாக வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போகவில்லை. கோபம் இல்லை. போனால் எந்தக் குழந்தை என்ன சாப்பிடாமல் மிச்சம் வைக்கிறது என்று தட்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது இப்போது வேறொருத்தியின் வேலை. கேன்டீனில் பணிமனை ஆட்களுக்கு மாவை உருட்டி எண்ணெயில் பவர்சாக் பொரித்தேன். தொப்பியைக் கழற்றாமலே பெரிய பெரிய ஆட்கள் குழந்தைகள் மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மேல் கோர்ட் மனு போட்டாயிற்று. செப்டம்பரில் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது.

ஜூலையில் வாருங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வாருங்கள். எர்கின் போன பிறகு உள்ளறை சும்மாதான் கிடக்கிறது. படி ஏற முடியவில்லை என்றால் கீழே நின்று கூப்பிடுங்கள், நான் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். தினாராவையும் குழந்தைகளையும் கூட்டி வாருங்கள், இடம் போதாவிட்டால் தரையில் மெத்தை போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய வீட்டில் இப்போது ஒரு போலீஸ்காரர் குடியிருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் காது கூர்மை. நாம் சண்டை போடுவதாக இருந்தால் ஏரிக்கரைக்குப் போய்த்தான் போட வேண்டும்.

உங்கள்
குல்யாஷ்